ஆயில் ஃபில்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் சென்ற வாரம் வெளியான, கார் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் வழிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டயர்க் காற்றைப் பற்றியும், கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கத்தைப் பற்றியும் அதில் எழுதியிருந்தவை சரியானவை, தேவையானவையும்கூட. ஆனால் இரண்டு முறை ஆயில் மாற்றினால் ஒருமுறை ஃபில்டர் மாற்றினால் போதும், அதற்குள் அடைத்துக்கொண்டால் டீசலில் அலசி மறுபடியும் பொருத்திக்கொள்ளலாம் என்ற பொருளில் வந்திருந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாமக்கல் பக்கத்தில் இன்ஜின் பிரித்துக் கட்டும் பட்டறையை 31 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அந்த இரண்டு வரிகளை நம்பி நடந்துகொண்டவர்களின் வண்டிகள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் வாசலுக்குத்தான் வருகின்றன.

ஆயில் என்பது வழவழப்புக்காக மட்டும் ஊற்றப்படுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். உரசும் இடங்களிலிருந்து சூட்டை எடுத்துச் செல்வதும், எரிந்த கரியையும் தேய்ந்த உலோகத் துகளையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு சுமந்து செல்வதும் அதன் வேலைகளே. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் கறுத்துவிடுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது அழுக்கைச் சுமக்கிறது என்பதற்கான அடையாளமே தவிர, கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல. அப்படிச் சுமந்து வருகிற அழுக்கை வழியில் எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அந்த இடம்தான் ஃபில்டர்.

இந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், புது இன்ஜினில் வார்ப்பு மணலும் கடைசல் பிசிறும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஓட ஓட பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றையொன்று தேய்த்துப் பொடி விடும். எரிபொருளின் கரி ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது வெளியிலிருந்து வரும் தூசி. ஏர் ஃபில்டரின் ஓட்டையிலோ தளர்ந்த ஹோஸ் கிளிப்பிலோ புகுந்துவிடும் மண்தூசியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. அது இன்ஜினுக்குள் இருக்கும் பெரும்பாலான இரும்பைவிடக் கடினமானது. ஜல்லிக் குவாரிக்கும் கிரஷருக்கும் போய்வரும் டிப்பர்களின் இன்ஜினைப் பிரித்தால் சிலிண்டர் சுவரில் அந்தத் தூசி கீறிய கோடுகளை விரல் நகத்தாலேயே உணரலாம்.

அளவுகளைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும், அதாவது பட்டறையில் நாங்கள் 'மெட்டல்' என்று சொல்வதற்கும், இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக 25 முதல் 75 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். இன்ஜின் பாரம் இழுக்கும்போது, அந்த இடைவெளியின் ஒரு பக்கத்தில் ஆயில் படலம் சில மைக்ரான் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. அந்தப் படலத்தைவிடச் சற்றே பெரிதான ஒரு துகள் அங்கே சிக்கினால் இரு உலோகங்களுக்கும் இடையே பாலம்போல நின்று இரண்டையும் கீறும். ஆகவே இன்ஜினைத் தின்பது கண்ணுக்குத் தெரிகிற மண் அல்ல, கண்ணுக்குத் தெரியாத 5 முதல் 20 மைக்ரான் அளவுத் தூள்தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் வந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயிலைப் பம்ப் ஒரு வலைச் சல்லடை வழியாக உறிஞ்சி, அழுத்தத்தோடு முதலில் ஃபில்டருக்குத்தான் அனுப்புகிறது. ஃபில்டரின் தகர டப்பாவின் வாய்த்தட்டில் வட்டமாக இருக்கும் சிறு துளைகள் வழியே உள்ளே போகும் ஆயில், மடிப்பு மடிப்பாகச் சுருட்டி வைக்கப்பட்ட ரெசின் ஊட்டிய காகிதத்தை வெளியிலிருந்து உள்ளாகக் கடந்து, நடுவில் உள்ள துளையிட்ட குழாய்க்குள் சேர்ந்து, நடுத்துளை வழியாக வெளியேறி, இன்ஜினின் முக்கிய ஆயில் பாதையான மெயின் கேலரிக்குப் போகிறது. அங்கிருந்து மெயின் மெட்டல், பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை), கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் சுழலி) என்று பிரிந்து போய், வேலை முடிந்ததும் சொட்டுச் சொட்டாகச் சம்ப்புக்கே திரும்புகிறது. சிறிய காரில் ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில்தான் இருக்கும்; அந்த 3 லிட்டரும் ஒரு நிமிடத்தில் பல தடவை இந்தக் காகிதத்தைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. காகிதத்தை மடித்து வைத்திருப்பது சிறு டப்பாவுக்குள் பெரிய பரப்பை அடக்குவதற்காக. பிரித்து நீட்டினால் தோளில் போடும் துண்டைப்போல நீளும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். ஃபில்டருக்குள்ளோ, சில வண்டிகளில் ஃபில்டர் பொருத்தும் தளத்திலோ, பைபாஸ் வால்வு என்று ஒன்று இருக்கிறது. காகிதம் அடைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ அரை பாரிலிருந்து ஒன்றரை பாருக்குள் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) குறிக்கப்பட்ட அளவைத் தாண்டினால், ஸ்பிரிங் அமுங்கி அந்த வால்வு திறந்துகொள்ளும். ஆயில் காகிதத்தைத் தொடாமலே நேராக இன்ஜினுக்குள் போய்விடும். இது ஏற்பாட்டின் குறையல்ல. ஆயிலே இல்லாமல் இன்ஜின் ஓடினால் சில நிமிடங்களில் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். அழுக்கு ஆயிலாவது கிடைத்தால் வீடு வரை வந்து சேரும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது நல்ல ஃபில்டரிலும் இந்த வால்வு சிறிது நேரம் திறந்து மூடும்.

ஆனால் அடைத்துப்போன ஃபில்டரோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டியில் அந்த வால்வு பெரும்பாலான நேரம் திறந்தே கிடக்கிறது. அப்போது ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் மிகவும் குறைந்தால்தான், அதாவது பாதி பாருக்கும் கீழே இறங்கினால்தான், எரியும். பைபாஸ் திறந்திருக்கும்போது கேலரியில் அழுத்தம் இருக்கத்தான் செய்யும்; ஆயில் போகிறது, வடிகட்டப்படாமல் போகிறது, அவ்வளவுதான். இழுவை குறையாது, மைலேஜ் குறையாது, சத்தம் வராது. சத்தம் வரும்போது மெட்டல் போயிருக்கும்.

போன ஆண்டு முட்டை ஏற்றிப்போகும் ஒரு மினி லாரி கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது. சொந்த வண்டியைத் தானே ஓட்டும் இளைஞர். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் தவறாமல் ஆயில் மாற்றிய பில்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். பில்லில் 'ஆயில் சர்வீஸ்' என்று மட்டுமே இருந்தது. ஃபில்டர் என்ற சொல் கடைசி மூன்று பில்களில் இல்லை. ஃபில்டரைக் கழற்றி லேத்தில் மாட்டி வாய்ப்பக்கத்தை அறுத்தேன். ரம்பத்தால் அறுத்தால் இரும்புப் பொடி உள்ளே விழுந்து உண்மையை மறைத்துவிடும் என்பதால் எப்போதும் லேத்தில்தான் அறுப்பது வழக்கம். காகித மடிப்புகள் மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஓரிடத்தில் மடிப்பு உள்வாங்கிக் கிழிந்திருந்தது. கறுப்புப் பாகை வெள்ளைத் துணியில் தடவி வெயிலில் பிடித்தபோது ஜரிகைத் தூள்போல மின்னியது. காந்தத்தை வைத்தேன், கொஞ்சம் ஒட்டியது, பெரும்பகுதி ஒட்டவில்லை. ஒட்டியது இரும்பு, ஒட்டாதது மெட்டலின் மேற்பூச்சு. சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது மூன்றாவது பிக் எண்ட் மெட்டலில் மேல்பூச்சு முழுவதும் உரிந்து அடியில் செம்பு நிறம் தெரிந்தது. அந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்து, "லைட் ஒரு நாள்கூட எரியலீங்களேண்ணா" என்றார்.

கிராங்கைக் கிரைண்டிங் செய்து, மெலிந்த தண்டுக்கு ஏற்ற கால் மில்லிமீட்டர் அண்டர்சைஸ் மெட்டல் போட்டு, ரிங் மாற்றி, கேலரியைக் கழுவிக் கட்டிக் கொடுக்க 9 நாள் ஆனது. செலவு அரை லட்சத்தைத் தாண்டியது. 9 நாள் வாடகையும் போனது. அவருடைய வண்டிக்கு ஒரிஜினல் ஃபில்டரின் விலை 300 ரூபாய்க்குள்தான். அவர் மிச்சம் பிடிக்க நினைத்தவர் அல்ல. அவருக்குத் தெரியாமல் வேறு யாரோ மிச்சம் பிடித்ததற்கு அவர் பணம் கட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

டீசலில் அலசிப் போடலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது முட்டாள்தனத்தில் பிறந்த பழக்கம் அல்ல. கம்பி வலை வடிகட்டிகள் இருந்த காலத்தில் அவற்றைக் கழுவித்தான் போட வேண்டும்; அதுவே சரியான முறை. இன்றும் ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி பைக்குகளில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு வலைச் சல்லடையும், கிராங்க்கோடு சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு சுழல் வடிகட்டியும்தான் இருக்கின்றன. கனரக லாரிகள் சிலவற்றிலும் காகித எலிமென்ட்டோடு சேர்த்து இப்படிச் சுழலும் வடிகட்டி உண்டு. அவற்றைத் திறந்து, சுவரில் அடையாகப் படிந்த கரியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். அதைப் பல பைக் உரிமையாளர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்வதில்லை என்பது வேறு கவலை. வலையைக் கழுவிய அதே கை காகிதத்தையும் கழுவத் தொடங்கியதுதான் தவறு. காகிதத்தின் நார்களுக்கு நடுவே புகுந்த 10 மைக்ரான் தூளை டீசல் வெளியே கொண்டுவராது. அலசும்போது, வெளிப்பக்கத்தில் நின்ற அழுக்கில் ஒரு பகுதி நடுக்குழாயின் சுத்தமான பக்கத்துக்குப் போய்விடும். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முதலில் மெட்டலுக்குப் போவது அந்த அழுக்குத்தான். அலசாமல் அப்படியே விட்டிருந்தால்கூட இதைவிட மேல்.

இந்தக் கருவிக்கு வயது ஒரு நூற்றாண்டு. 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் காருக்கான ஆயில் ஃபில்டரை உருவாக்கி, பிறகு சுத்தமான ஆயில் என்ற பொருள்பட அதற்குப் 'பியூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார். அதற்கு முன் கார்களில் வலைச் சல்லடைக்கு மேல் எதுவும் இல்லாததால் சில நூறு மைல்களுக்கு ஒருமுறை ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தொடக்க கால ஃபில்டர்கள் பம்ப் அனுப்பும் ஆயிலில் ஒரு சிறு பங்கை மட்டுமே வடிகட்டின. முழு ஆயிலும் ஃபில்டரைக் கடந்தே இன்ஜினுக்குள் போகும் ஏற்பாடு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவியது. 1988-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு ஒன்று, 40 மைக்ரான் ஃபில்டருக்குப் பதில் 30 மைக்ரான் ஃபில்டர் போட்டால் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரான் ஃபில்டர் போட்டால் 70 சதவீதமும் குறைவதாகக் காட்டியது. இன்றைய கார்களில் ஆயில் மேலும் மெலிந்துவிட்டது. 0டபிள்யூ-20 (இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை) ஆயிலின் படலம் பழைய 20டபிள்யூ-50 ஆயிலின் படலத்தைவிட மெல்லியது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு அந்தப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. எனவே முன்பு பொறுத்துக்கொண்ட அழுக்கை இன்றைய இன்ஜின் பொறுக்காது.

கட்டுரையாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு இரண்டு ஆயிலுக்கு ஒரு ஃபில்டர் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கின்றன. அந்த வண்டிகளின் ஃபில்டர் அந்தக் காலஅளவைத் தாங்கும்படி செய்யப்பட்டது. அங்கே கையேட்டைப் பின்பற்றுவதில் தவறில்லை. அதேபோல, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றுவதும் வீண் செலவே. காகிதத்தில் ஓரளவு அழுக்குப் படிந்த பிறகுதான் அது இன்னும் நுண்ணிய துகளையும் பிடிக்கத் தொடங்குகிறது. நான் மறுப்பது, கையேட்டைப் பார்க்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கைச் சொல்வதை. இங்கே ஓடும் பெரும்பாலான வண்டிகளின் கையேடு ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறது. அந்தக் கையேடும் தூசி மிகுந்த சாலை, அதிக பாரம், குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டரைக் குறைத்துக்கொள்ளும்படி வேறு பக்கத்தில் சொல்லியிருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

ஒரிஜினலைப்போலவே அச்சடித்த பெட்டியில் பாதி விலைக்கு வரும் போலிகள் இன்னொரு தொல்லை. பெயின்ட்டும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும். ஒரு போலியையும் ஒரு ஒரிஜினலையும் அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். போலியில் மடிப்புகளின் எண்ணிக்கை பாதிக்கும் கொஞ்சம் மேல். காகிதத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், ஒரு போஸ்ட் கார்டை நுழைக்கும் அளவுக்குச் சந்து இருந்தது. ஆயில் எப்போதும் எளிதான வழியைத் தேடும். சந்து இருந்தால் காகிதத்தைக் கடந்து சிரமப்பட்டுப் போகாது. இன்ஜின் நின்ற பிறகு ஃபில்டரில் உள்ள ஆயில் சம்ப்புக்கு வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் அதில் மொறமொறவென்று இருந்தது. அது இறுகிப்போனால் இரவெல்லாம் ஆயில் வடிந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஃபில்டர் நிரம்பும் வரை மெட்டல் வறண்டு ஓடும். தினமும் காலையில் மட்டும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஃபில்டர் எங்கே வாங்கினீர்கள் என்பதைத்தான். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் ஃபில்டரைப் போடுவதும் இதே ரகம்தான். மரை ஒன்றாக இருந்தாலும் பைபாஸ் திறக்கும் அளவு வேறாக இருக்கும்.

பொருத்தும் முறையில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். பழைய ஃபில்டரின் ரப்பர் கேஸ்கட் இன்ஜின் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புதியதைப் போட்டு முறுக்கினால் வழியில் அழுத்தம் ஏறும்போது இரண்டு கேஸ்கட்டும் பிதுங்கி, சம்ப்பில் உள்ள அத்தனை ஆயிலும் ரோட்டில் கொட்டிவிடும். புதிய கேஸ்கட்டில் நல்ல ஆயிலைத் தடவி, தளத்தைத் தொட்டதும் ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே முறுக்கினால் போதும். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணையும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் எறிவதும், வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும், சென்ட்ரிங் பலகைக்கு அடிக்கக் கொடுப்பதும் இங்கே சாதாரணமாக நடக்கின்றன. பயன்படுத்திய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. டப்பாவுக்குள் ஒரு டம்ளருக்குக் குறையாமல் ஆயில் நின்றிருக்கும்; அதைச் சூட்டோடு கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பவரிடம் கொடுப்பதுதான் முறை.

பட்டறைக்காரர்கள் ஃபில்டரின் பார்ட் நம்பரையும் மாற்றிய கிலோமீட்டரையும் பில்லில் தனி வரியாக எழுத வேண்டும், கழற்றிய பழையதை வண்டிக்காரரின் கண்ணில் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். எழுதினால் எங்களுக்கு ஒரு நிமிடம் அதிகமாகும். வண்டிக்காரர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்; கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் வேறு பட்டறைக்குப் போகலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். என்னிடம் தொழில் கற்க வரும் பையன்களுக்கு முதல் வாரத்தில் அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

தங்கள் வாகனப் பகுதியை எங்கள் பகுதியில் ஓட்டுநர்கள் டீக்கடையில் சத்தமாகப் படித்து விவாதிக்கிறார்கள். அதில் அச்சாவதை நம்புகிறார்கள். எனவே அந்த இரண்டு வரிகளுக்கும் அடுத்த வாரமே அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். முட்டை லாரியில் கழற்றிய ஃபில்டரும், அதற்குப் பிறகு அதே வண்டியில் 10,000 கிலோமீட்டர் ஓடிய ஒரிஜினல் ஃபில்டரும் அறுத்தபடியே என் பட்டறை அலமாரியில் இருக்கின்றன. படம் எடுத்து வெளியிட விரும்பினால் இரண்டையும் பத்திரமாகக் கட்டித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இன்ஜின் பட்டறை நடத்துபவர்,
நாமக்கல் மாவட்டம்.